போனில் ‘செலக்ட்’ என்றார்கள், கடிதம் வரவில்லை: பேப்பர் போடலாமா?

கேள்வி இதுதான்: சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. வேறொரு நிறுவனத்தில் எல்லா ரவுண்டும் முடிந்து, ஹெச்.ஆர். போனில் கூப்பிட்டு, “நீங்க செலக்ட். சி.டி.சி. 9.6 லட்சம். திங்கட்கிழமையே பேப்பர் போட்டுடுங்க, ஆஃபர் லெட்டர் வந்துடும்” என்று சொல்லிவிட்டார். (சி.டி.சி. என்றால் ஒரு ஆளுக்காக நிறுவனம் வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை.) இப்போதைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். எழுத்தில் கேட்டால் தப்பாக நினைத்து ஆஃபரையே கேன்சல் செய்துவிடுவார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?

திங்கட்கிழமை பேப்பர் போடாதீர்கள், அதாவது ராஜினாமா கொடுக்காதீர்கள். கடிதம் கையில் வந்து, படித்து, ஏற்று, அதற்குப் பதில் வந்த பிறகு போடுங்கள். அது திங்களாக இருந்தாலும் சரி, அதற்கடுத்த வியாழனாக இருந்தாலும் சரி. ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. முதல் எழுத்து அவர்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீங்களே எழுதலாம், இன்றைக்கே எழுதலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ஆள் எடுக்கும் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்தப் போனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கடைசி ரவுண்டு எடுத்த மேலாளர் ‘ஓகே’ போட்டதும் ஹெச்.ஆர். உங்களுக்குப் போன் செய்துவிடுவார். நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்ற அவசரம் அவருக்கு. ஆனால் உள்ளே வேலை இன்னும் முடிந்திருக்காது. அந்த இடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஃபைனான்ஸ் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்ட சம்பளம் அந்தப் பதவிக்குரிய வரம்புக்குள் வருகிறதா என்று சம்பளக் குழு பார்க்கும். வரம்பைத் தாண்டினால் இன்னொரு பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் லீவில் இருப்பார். உங்கள் பே ஸ்லிப்பும் பழைய ரிலீவிங் லெட்டரும் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். இந்த எல்லாப் படியும் தாண்டினால்தான் கடிதம் வெளியே வரும். பெரிய நிறுவனங்களில் இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆவது சாதாரணம். இந்த இடைவெளியில் புராஜெக்ட் கைவிட்டுப் போகலாம், ஆள் எடுப்பதை நிறுத்தச் சொல்லி மேலிருந்து மெயில் வரலாம், உள்ளேயே ஒருவரை அந்த இடத்துக்கு மாற்றிவிடலாம். அப்போது உங்களுக்குப் போன் செய்த அந்த ஹெச்.ஆர். பொய் சொன்னவர் ஆகமாட்டார். அவர் சொன்ன நாளில் அது உண்மையாகவே இருந்திருக்கும். அதனால்தான் ‘நல்லவராகப் பேசினார்’ என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன். அவருடைய நல்ல குணம் ஃபைனான்ஸ் அப்ரூவலுக்குப் பதிலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போன் செய்தவர் அந்த நிறுவனத்தின் ஹெச்.ஆர்.தானா, அல்லது கன்சல்டன்சி ஆளா? இரண்டும் ஒன்றல்ல. கன்சல்டன்சிக்கு நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் காசு, அதுவும் பெரும்பாலும் நீங்கள் அங்கே சில மாதம் தங்கினால்தான். அதனால் உங்களைச் சீக்கிரம் பழைய இடத்திலிருந்து கிளப்புவதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். “கன்ஃபர்ம் சார், நான் கேரண்டி” என்று அவர்கள் சொல்வதற்கு நிறுவனம் எந்த வகையிலும் கட்டுப்படாது. நிறுவனத்தின் மெயில் முகவரியிலிருந்து ஒரு வரி வரும்வரை அதைச் செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எழுதுவது எப்படி?

போன் வந்த அன்றே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், அந்த ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்த அதே மெயில் தொடரில் பதிலாக அனுப்பினால் இன்னும் நல்லது. பழைய கடிதப் போக்குவரத்து எல்லாம் அதிலேயே கீழே இருக்கும். உங்கள் ஆபீஸ் மெயிலிலிருந்து அனுப்பாதீர்கள், ஆபீஸ் லேப்டாப்பையும் தொடாதீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், விஷயம் இப்படி இருக்கட்டும்:

“வணக்கம் மேடம். இன்று மதியம் போனில் பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சீனியர் டெவலப்பர் பதவி, சென்னை அலுவலகம், வாரத்தில் மூன்று நாள் நேரில், ஆண்டு சி.டி.சி. 9.6 லட்சம், அதில் 10 சதவீதம் வேரியபிள்; சேரும் தேதி என் 90 நாள் நோட்டீஸ் முடிந்த பிறகு. இதில் ஏதாவது மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள். சேர்வதில் எனக்கு முழு விருப்பம். ஆஃபர் லெட்டர் கிடைத்து ஏற்றுக்கொண்ட மறுநாளே இங்கே ராஜினாமா கொடுத்துவிடுகிறேன். கடிதம் எப்போது எதிர்பார்க்கலாம் என்று சொன்னால் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வேன்.”

இவ்வளவுதான். இதில் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை, பாருங்கள். ‘கடிதம் கொடுத்தால்தான் போடுவேன்’ என்று முறுக்கிக்கொள்ளவில்லை. ‘கடிதம் வந்த மறுநாளே போடுகிறேன்’ என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஹெச்.ஆருக்கு வேண்டியதே அந்த உறுதிதான். இந்த மெயிலை அவர் அப்படியே மேலே அனுப்பி, “ஆள் ரெடியாக இருக்கிறார், கடிதத்துக்குத்தான் நிற்கிறார்” என்று அப்ரூவலை விரட்டுவார். நானே அப்படி அனுப்பியதுண்டு.

அதைவிட முக்கியம், எண்களை நீங்கள் எழுதியிருப்பது. போனில் 9.6 என்றது உண்மையில் ‘9.6 வரை’யாக இருந்தால், இந்த இடத்திலேயே அது வெளியே வந்துவிடும். வேரியபிள், அதாவது ரேட்டிங்கைப் பொறுத்து மாறும் பகுதி, உண்டா இல்லையா என்று போனில் பேசாமல் விட்டிருந்தால் அதைக் கேள்வியாகவே எழுதுங்கள். அவர் ‘ஆமாம், சரி’ என்று ஒரு வரி பதில் போட்டால் போதும், பேச்சு எழுத்தாகிவிட்டது. பதிலே போடாமல் மறுபடியும் போனில் மட்டும் கூப்பிட்டுப் பேசினால் அதுவும் ஒரு பதில்தான். எழுத்தில் எதையும் விட்டுவைக்க அவருக்கு இன்னும் அனுமதி இல்லை என்று அர்த்தம்.

கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்கிறீர்கள். எழுத்தில் கேட்டதற்காக ஒரு ஆஃபரைத் திரும்ப வாங்கியதை நான் பார்த்ததில்லை. சம்பளத்தை மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டவருக்கு வாங்கியிருக்கிறார்கள், பொய்யான பே ஸ்லிப் கொடுத்தவருக்கு வாங்கியிருக்கிறார்கள். கடிதம் கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடம் என்றால், நாளைக்கு இன்க்ரிமென்டைப் பற்றி அங்கே எப்படிப் பேசுவீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் சிக்கலான விஷயம். சில இடங்களில், “முதலில் ராஜினாமா கொடுங்க, உங்க மேனேஜர் ஏற்றுக்கொண்ட மெயிலை எங்களுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க, அப்புறம்தான் ஆஃபர் ரிலீஸ் பண்ணுவோம்” என்பார்கள். நம் ஊர் ஐ.டி. வட்டாரத்தில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆஃபர் லெட்டரை வாங்கி, அதைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதலாக வாங்கி, மூன்று மாதம் காத்திருக்க வைத்துவிட்டுக் கடைசி நாளில் போனை எடுக்காதவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் சூடு பட்டவர்கள் உங்களிடம் கறாராக இருக்கிறார்கள். ஆனால் அதற்காக முழு ஆபத்தையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆள் வராமல் போனால் ஒரு இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கோ வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் நின்றுபோகும்.

நடுவழி ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் போட்டு, “ராஜினாமா ஏற்கப்பட்ட மெயிலை இத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு இந்த ஆஃபர்” என்று ஒரு கடிதம் தரச் சொல்லுங்கள். அல்லது லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு பக்கக் கடிதமாவது நிறுவன மெயிலிலிருந்து வரட்டும். நிபந்தனை போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. அவர்கள் பயத்துக்கு அது மருந்து, உங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கும். இதற்கும் ஒத்துவரவில்லை என்றால் நான் அந்த வேலைக்குப் பேப்பர் போடமாட்டேன். கையில் வேறு வேலை இல்லாதவருக்கு இந்தக் கணக்கு வேறு, அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு இருக்கிறது.

வரும் தாள்களிலும் மூன்று வகை இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்பது ‘எடுக்க நினைக்கிறோம்’ என்ற அளவில்தான் நிற்கும், கேம்பஸ் இன்டர்வியூவில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள். ஆஃபர் லெட்டரில் சம்பளப் பிரிவும் சேரும் தேதியும் இருக்கும். நீங்கள் ஏற்றுக்கொண்டதும் இரண்டு பக்கமும் ஒப்பந்தம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்பது சேர்ந்த அன்றோ அதற்குப் பிறகோ கையில் தருவது, முழு விதிமுறைகளும் அதில்தான் விரிவாக இருக்கும். ஆஃபர் லெட்டரில் இல்லாத ஒன்று ஆர்டரில் புதிதாக முளைப்பதும் உண்டு. பாண்ட், அதாவது இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, அப்படித்தான் முளைக்கும். அதனால் ஆஃபர் லெட்டர் வரும்போதே, “அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் மாதிரியை முன்கூட்டியே பார்க்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சிலும் ஒப்பந்தம் உண்டாகும். எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதில்லை. தகராறு வந்தால் எதை வைத்து நிரூபிப்பீர்கள் என்பதுதான் பிரச்சினை. மெயிலுக்குக் கையெழுத்தோ சீலோ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மின்னணு வழியில் செய்துகொண்ட ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகும் என்று உச்ச நீதிமன்றமும் 2010-ல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் மெசேஜும் ஆதாரம்தான். ஆனால் அது நிறுவனத்தின் சார்பாக வந்தது என்று காட்ட வேண்டிய கூடுதல் வேலை இருக்கும், அதனால் மெயிலே மேல்.

ஒப்பந்தச் சட்டத்தின் 5-வது பிரிவையும் கவனியுங்கள். ஆஃபர் கொடுத்தவர், நீங்கள் ஏற்பதற்கு முன்னால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதனால் கடிதம் வந்த பிறகு வாரக்கணக்கில் யோசிக்காதீர்கள். கேள்வி இருந்தால் உடனே கேட்டுத் தெளிந்து, ‘ஏற்கிறேன்’ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ‘ஏற்கிறேன், ஆனால் சம்பளம் கொஞ்சம் கூட வேண்டும்’ என்று எழுதினால் அது சட்டப்படி ஏற்பு ஆகாது, புதிய பேரம் ஆகிவிடும்.

ஏற்ற பிறகும் அவர்கள் கைவிரித்தால்? நேராகச் சொல்லிவிடுகிறேன். ‘இவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும்’ என்று ஒரு தனியார் நிறுவனத்துக்கு நீதிமன்றம் பெரும்பாலும் உத்தரவு போடாது. ஆளைச் சார்ந்த பணி ஒப்பந்தங்களை அப்படி நிறைவேற்ற வைக்கச் சட்டத்தில் இடமில்லை. நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு வழக்கறிஞர் நோட்டீஸ், காலம், செலவு எல்லாம் ஆகும். பல ஆஃபர் லெட்டர்களில் ‘சேரும் தேதிக்கு முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்’ என்று ஒரு வரியும் இருக்கும். அப்படியானால் கடிதம் வாங்கி என்ன பயன் என்று தோன்றலாம். கடிதம் கொடுத்த பிறகு கைவிடுவதற்கு ஒரு நிறுவனம் நன்றாக யோசிக்கும். அதன் பெயர் கெடும், நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். போனில் சொன்னதைக் கைவிடுவதற்கு யாரும் யோசிப்பதில்லை, திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதுகூட இல்லை. இந்த வித்தியாசத்துக்காகத்தான் கடிதம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, வேலைக்குச் சேர்பவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது பணியில் அமர்த்தும்போது கொடுக்க வேண்டியது. அதற்கு முன்னால் வரும் ஆஃபர் லெட்டரைப் பற்றி அல்ல. உங்கள் இப்போதைய சிக்கலுக்கு அது நேரடியாக உதவாது.

கடிதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு ‘அக்செப்ட்’ பட்டனை அழுத்திவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்து அட்டவணையில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் 9.6 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 80,000. அது கைக்கு வராது. ஒரு மாதிரிக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதில் 10 சதவீதம் வேரியபிள் என்றால் 96,000 போயிற்று. அது வருடக் கடைசியில், ரேட்டிங்கைப் பொறுத்து. நிறுவனத்தின் பங்கு பி.எஃப்., 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம் கணக்கிட்டால் மாதம் 1,800, வருடம் 21,600. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 4,80,000 என்றால் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், அதாவது 23,088. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000 போட்டிருக்கிறார்கள் என்று வைப்போம். இவை மொத்தம் 1,52,688. மிச்சம் 8,07,312, மாதத்துக்கு 67,276. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800-ம் தொழில் வரி சுமார் 208-ம் போனால் கைக்கு சுமார் 65,270. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு இப்போது வருமான வரி வராது என்பது ஒரு ஆறுதல். ஆக, 80,000 என்று வீட்டில் சொல்லிவிட்டு 65,000 வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். கிராஜுவிட்டி ஏமாற்று வேலை இல்லை, எல்லா இடத்திலும் போடுகிறார்கள். ஆனால் பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் அது கைக்கு வரும். இரண்டு வருடத்தில் மாறுவது உங்கள் வழக்கம் என்றால் அந்த 23,088-ஐ மனதிலிருந்து அழித்துவிடுங்கள்.

இப்போது வாங்கும் சம்பளத்தை இதே முறையில் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘30 சதவீத ஹைக்’ என்பது சில சமயம் கைக்கு வரும்போது 12 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் நேரம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பவரை யாரும் மதிப்பதில்லை.

அட்டவணைக்கு அடுத்து நான் தேடுவது நோட்டீஸ் பீரியட். நீங்கள் போனால் 90 நாள், அவர்கள் அனுப்பினால் 30 நாள் என்று இருக்கிறதா பாருங்கள். ப்ரொபேஷனில் அது எப்படி என்பதையும் பாருங்கள். ஜாயினிங் போனஸ் கொடுக்கிறார்கள் என்றால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். வரி பிடித்துக் கைக்கு வந்த தொகையா, முழுத் தொகையா என்று கேளுங்கள். உங்கள் 90 நாளைக் குறைக்க நோட்டீஸை ‘பை-அவுட்’ செய்வதாக, அதாவது மிச்ச நாளுக்கான பணத்தைத் தாங்கள் ஏற்பதாக, போனில் சொல்லியிருந்தால் அது கடிதத்தில் வந்தே ஆக வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் வாய்ப்பேச்சில் விட்டு ஏமாறுகிறார்கள், லட்சக்கணக்கில் பழைய நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். வீட்டிலிருந்து வேலை என்று சொல்லியிருந்தால் அதுவும் அப்படித்தான். கடிதத்தில் ‘சென்னை, அல்லது நிறுவனம் முடிவு செய்யும் எந்த இடமும்’ என்று இருந்தால், போனில் சொன்னது காற்றோடு போயிற்று.

பாண்ட் இருந்தால் இரண்டு முறை படியுங்கள். ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று டீக்கடையில் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் முறையும் செலவும் வேறு. அதற்காக எல்லா பாண்டும் செல்லும் என்று அர்த்தமில்லை. ஆனால் ‘நிற்காது’ என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

‘பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும், பயப்பட வேண்டாம். உங்கள் பக்கம் இடைவெளி ஏதாவது இருந்தால், பழைய வேலைத் தேதிகளில் குழப்பம் இருந்தால், இப்போதே சொல்லிவிடுங்கள். பி.எஃப். கணக்கு வரலாற்றிலேயே எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று தெரிந்துவிடும். மறைத்தால் பேப்பர் போட்ட பிறகுதான் அது வெடிக்கும்.

எல்லாம் சரி என்றால், கையெழுத்திட்ட பிரதியை மெயிலில் அனுப்பி ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற பதிலை வாங்குங்கள். போர்ட்டலில் பட்டன் அழுத்தும் முறை என்றால் அழுத்துவதற்கு முன்னும் பின்னும் பி.டி.எஃப்.பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த லிங்க் சில நாளில் செத்துவிடும். அதற்கு மறுநாள் காலை பழைய நிறுவனத்தில் ராஜினாமா மெயில். அதில் எங்கே போகிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. மேனேஜரிடம் சண்டை போட்டுக்கொண்டும் போகாதீர்கள். புதிய இடம் கைவிட்டால் ராஜினாமாவைத் திரும்பப் பெற அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

போலி ஆஃபர் லெட்டர்களும் நிறையச் சுற்றுகின்றன. லேப்டாப்புக்கு டெபாசிட், டிரெயினிங் கட்டணம், டாகுமென்ட் சரிபார்ப்புக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அது போலி, மேலே படிக்க வேண்டாம். பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஜிமெயிலிலிருந்து வந்தாலும் அப்படியே. சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் கட்டித் தொலைத்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் ஐ.டி.யில் இருப்பதில்லை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை என்றால் கடிதம் கேட்பதே அங்கே புதுசு. முதலாளி, “ஒண்ணாந்தேதி வந்து சேருப்பா, பாத்துக்கலாம்” என்பார். அவரிடம் ஆஃபர் லெட்டர் என்று ஆரம்பித்தால் கோர்ட்டுக்குப் போகிறவனைப் போலப் பார்ப்பார். அங்கே வேறு வழி: வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில், “சார், ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்துடறேன். சம்பளம் 28,000, ஞாயிறு லீவு, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டுன்னு சொன்னீங்க. பழைய இடத்துல இன்னைக்கே சொல்லிடவா?” என்று அனுப்புங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். “சொல்லிடுங்க” என்று அவர் பதில் போட்டாரென்றால், உங்களை வேலையை விடச் சொன்னது அவர் என்பதற்கு எழுத்து கிடைத்துவிட்டது. சேர்ந்த பிறகு பேங்க் லோனுக்கு வேண்டும் என்று சொல்லி லெட்டர்ஹெட்டில் ஆர்டர் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு யாரும் முறைக்கமாட்டார்கள். பள்ளி, கல்லூரிகளில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் இருக்கிறது. காட்டிவிட்டு நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஐக்கிய அரபு அமீரகம் என்றால் அங்கத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் மாதிரிப் படிவத்தில் ஆஃபர் லெட்டர் வர வேண்டும், அதில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். விசிட் விசாவில் வந்துவிடு, அங்கே வந்து பேசிக்கொள்ளலாம் என்றால் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கடைசியாக, கடிதம் வந்து, பேப்பர் போட்டு, நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சேரும் தேதியைத் தள்ளினால் என்ன செய்வது? 2022-ல் பல பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸில் எடுத்த பிள்ளைகளை இப்படித்தான் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தன. தள்ளுகிறோம் என்று போன் வந்தால் அதற்கும் அதே மருந்து: புதிய தேதியைப் போட்டுத் திருத்திய கடிதம் கேளுங்கள். இடைப்பட்ட மாதத்துக்குச் சம்பளமோ ஈட்டுத் தொகையோ உண்டா என்று அதே மெயிலில் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. பழைய இடத்தில் கடைசி நாளுக்கு இன்னும் நாள் இருந்தால் அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று அன்றைக்கே பேசிவிடுங்கள். வேறு இடத்தில் பேசிக்கொண்டிருந்த இன்டர்வியூக்களைப் புதிய ஆபீஸில் ஐ.டி. கார்டு வாங்கும்வரை முழுசாக நிறுத்தாதீர்கள். ஹெச்.ஆர். வேலை பார்த்தவன் இதைச் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்.